இணையமில்லா வரைபடச் செயலிகள் (மலையேற்றம்)

முன்கூட்டியே தரவிறக்கிய வரைபடத்தைக் கொண்டு, சிக்னல் எட்டாத காடு மலைகளிலும் வழிகாட்டும் கைபேசிச் செயலிகள்.

செயற்பாடு: இருப்பிடமறிய இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நான்கின் சிக்னலாவது கிடைத்தால், கைபேசி தன் இடத்தையும் உயரத்தையும் கணித்துவிடும். இணையம் இல்லாதபோது முதல் கணிப்புக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். திறந்தவெளியில் பிழை பொதுவாக 5 மீட்டர் அளவே. அடர்ந்த மரநிழலிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும், நின்ற இடத்திலேயே நின்றாலும் திரையிலுள்ள புள்ளி அங்குமிங்கும் தாவும்.

தரவு: ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை, ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்துகின்றன. அதன் ஒற்றையடிப் பாதைகளும் நீரூற்றுகளும் தன்னார்வலர்கள் குறித்தவை. ஆள் நடக்காத பகுதிகளில் விடுபடல்கள் உண்டு.

சமவுயரக் கோடுகள்: கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த நடைநேர விதியின் இன்றைய மெட்ரிக் வடிவம், 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரமும் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கணக்கிடுகிறது. இதன்படி 300 மீட்டர் ஏற்றமுள்ள ஒரு கிலோமீட்டருக்கு 42 நிமிடங்கள் பிடிக்கும். சமதளத்தில் 12 நிமிடங்களே.

முன்னேற்பாடு: வரைபடத்தையும் ஜிபிஎக்ஸ் தடக் கோப்பையும் வீட்டிலேயே தரவிறக்கி, ஃப்ளைட் மோடில் திறந்து சோதிப்பது வழக்கம். நடக்கும்போதும் அதே மோடில் வைத்தால் சார்ஜ் மிஞ்சும். பெரும்பாலான கைபேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் இயங்கும். குளிரில் மின்கலம் விரைவில் தீரும் என்பதால் பவர் பேங்க், காகித வரைபடம், காந்தத் திசைகாட்டி மூன்றும் துணைக்கு வேண்டும்.