காளையார்கோவிலில் முடிந்த போர், பினாங்குக்கு வந்த கைதிகள்

மலேசியத் தமிழர் வரலாறு எப்போது தொடங்கியது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்தையும் கங்காணியையும்தான் சொல்வோம். இங்கே, செபராங் பிறையில் இருப்பவர்கள் சற்றுப் பின்னே போய்க் கரும்புத் தோட்டங்களைச் சொல்வார்கள். புக்கிட் தெங்காவில் நடந்த எங்கள் தொலைக்காட்சி அரங்கத்திலும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ரப்பர் மரம் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1802-ல், ஒரு கப்பல் நிறையத் தமிழர்கள் பினாங்குத் தீவில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். வெள்ளையரோடு போரிட்டுத் தோற்றவர்கள்.

அந்தப் போர் முடிந்த இடம் காளையார்கோவில். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது.

கட்டபொம்மன் பெயர் நமக்கெல்லாம் மனப்பாடம். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சினிமா அவரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு போனது. அதே 1959-ல்தான் மருதிருவர் கதையைச் சொன்ன 'சிவகங்கைச் சீமை'யும் வெளிவந்தது. சிவாஜி கணேசனின் கர்ஜனைக்கு முன்னால் அது எடுபடவில்லை. இத்துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் வரலாற்று அறிவில் பாதி எந்தப் படம் ஓடியது என்பதைப் பொறுத்தே அமைந்துவிட்டது. உண்மையில் கட்டபொம்மன் மறைவுக்குப் பிறகுதான் பெரிய போர் மூண்டது.

1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் அது வீழ்ந்ததும் அவர் அடைக்கலம் தேடிப் போனது சிவகங்கைக்கு. அங்கே ஆட்சியை நடத்தியவர்கள் பெரிய மருதுவும் சின்ன மருதுவும். ஊமைத்துரையை ஒப்படைக்க அவர்கள் மறுத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1801 ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை ஒன்று திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அதைச் சொல்கிறோம். இதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். அதில் சின்ன மருது தமக்கு ராஜ்யம் கேட்கவில்லை. எல்லா சாதியாரையும் முஸ்லிம்களையும் அழைத்து, ஐரோப்பியரை இந்த நாட்டை விட்டே விரட்டுங்கள் என்றார். ஆற்காட்டு நவாப்பின் மடமையால்தான் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். வெள்ளையரிடம் சம்பளம் வாங்கும் உள்ளூர்ச் சிப்பாய்களையும் விட்டுவைக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை, தமிழ்நாட்டில் விடுதலைக்காக மக்களை நோக்கி எழுதப்பட்ட முதல் அரசியல் ஆவணம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் அக்னியூ, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார். சுற்றிலும் முள்காடு. பகலில் வெட்டிய வழியில் மருதுவின் வீரர்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் போராடியும் பலனில்லை. அக்னியூ அந்த முயற்சியையே கைவிட்டுப் பின்வாங்கினார்.

பீரங்கி சாதிக்காததை ஒரு முடிசூட்டு விழா சாதித்தது! மருது சகோதரர்கள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர். அரண்மனைச் சேவகர்களாக இருந்து உயர்ந்தவர்கள். அரியணையில் இருந்தவர் வேலுநாச்சியாரின் மருமகனான வேங்கன் பெரிய உடையணத் தேவர். இந்த இடத்தில்தான் கம்பெனி கை வைத்தது. படமாத்தூர் கௌரி வல்லப உடையணத் தேவரைத் தேடிப் பிடித்து, இவரே உண்மையான வாரிசு என்று அறிவித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் பட்டம் கட்டியது. அரச விசுவாசத்துக்கும் மருதுவின் மீதுள்ள அன்புக்கும் நடுவே மக்கள் இரண்டுபட்டார்கள். பலர் புதிய அரசர் பக்கம் போனார்கள்.

அதன் பிறகு காடு காவலாக நிற்கவில்லை. 1801 அக்டோபர் 1-ல் கம்பெனிப் படைகள் பல திசைகளிலிருந்து நுழைந்து காளையார்கோவிலைப் பிடித்தன. 1772-ல் வேலுநாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் வெள்ளையரால் கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான்.

கோபுரத்தைத் தகர்ப்போம் என்று மிரட்டியதால் மருதிருவர் தாமே சரணடைந்தார்கள் என்று மக்கள் சொல்லும் கதை உருக்கமானது. ஆனால் ஆவணங்களின்படி அவர்கள் காட்டில் வேட்டையாடப்பட்டே பிடிபட்டார்கள். அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடுமா என்ன? அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு.

எஞ்சியவர்களை என்ன செய்வது? அங்கேதான் நம் பினாங்கு கதைக்குள் வருகிறது. 1786-ல் கம்பெனி வசமான இந்தத் தீவு, அப்போதே இந்தியக் கைதிகளை அனுப்பும் இடமாக இருந்தது. 1800-ல் கெடா சுல்தானுடன் செய்த ஒப்பந்தத்தால் எதிர்க்கரையும், அதாவது புக்கிட் தெங்கா இருக்கும் இந்தப் பக்கமும், கம்பெனி கைக்கு வந்திருந்தது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளுடன் புறப்பட்டது. வழியில் சிலர் இறந்தார்கள். வேங்கன் பெரிய உடையணத் தேவர் அதில் இருந்தார். அவரை இங்கிருந்து சுமத்ராவின் பென்கூலனுக்குக் கொண்டு போனார்கள். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அந்தக் கப்பலில் வந்தார். அப்போது சுமார் 15 வயது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரி இருந்தார். போருக்கு முன்பு சின்ன மருதுவிடம் நட்பாகப் பழகி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். பின்னர் அதே மருதுவை எதிர்த்து அக்னியூ படையில் பணியாற்றினார். 1818-ல் பினாங்குக்கு வந்தபோது, உடல் தளர்ந்து முதியவர் போலத் தோன்றிய ஒருவர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று விசாரித்தால், துரைசாமி! முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். வெல்ஷ் துடித்துப் போனார். 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். ஊரில் உள்ள உறவினருக்குக் கொடுக்க ஒரு கடிதத்தைக்கூட துரைசாமியிடம் அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்குத் தடை இருந்தது.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து விலங்கோடு கப்பலேறி வந்த முன்னோர் என்று வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது பேசியிருந்தால், அதை உடனே எழுதி வையுங்கள். இந்தப் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.