மழைக்குக் கட்டிய நகரம்

கொலம்பியாவின் வட கோடியில் சாண்டா மார்ட்டா மலைத்தொடர். கரீபியக் கடற்கரையிலிருந்து வெறும் 42 கிலோமீட்டரில் சுமார் 5,700 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிற மலை. 1972-ல் இதன் காட்டுக்குள் செபுல்வேடா என்ற குடும்பம் அலைந்துகொண்டிருந்தது. பழைய புதைகுழிகளைத் தோண்டித் தங்கம் எடுத்து விற்பதுதான் அவர்கள் பிழைப்பு. புரிடாகா ஆற்றங்கரையில் பாசி படர்ந்த கற்படிகள் தென்பட, ஏறிப் பார்த்தார்கள். சுமார் 1,200 படிகளுக்கு மேலே, மரங்களுக்கடியில் ஒரு நகரமே கிடந்தது!

சேதி கசிந்தது. போட்டிக் கும்பல்கள் வந்தன, கொலையும் விழுந்தது. தங்க உருவங்கள் கள்ளச் சந்தையில் நடமாடத் தொடங்கிய பிறகே அரசு விழித்தது. 1976-ல் அல்வாரோ சோட்டோ ஓல்கின் தலைமையில் தொல்லியலாளர்கள் மேலே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர்களும் புதையல் வேட்டைக்காரர்களே.

நான்கு நாள் நடை

சியுதாத் பெர்டிதா என்று உலகம் அழைக்கும் இந்த நகரத்துக்கு இன்றும் சாலை கிடையாது. போக வர சுமார் 45 கிலோமீட்டர். பொதுவாக நான்கு நாள். வழிகாட்டி இல்லாமல் போக அனுமதியில்லை. மூட்டை முடிச்சுகளைக் கோவேறு கழுதைகள் சுமக்கும். இரவில் தகரக் கூரைக்கடியில் கொசுவலை கட்டிய கட்டில், அல்லது தொங்கு தூளி. மதியம் தாண்டினால் பெரும்பாலும் மழை. பாதை களிமண் சேறாகிவிடும். 2003-ல் இங்கே எட்டு வெளிநாட்டுப் பயணிகளை கெரில்லாக்கள் கடத்திப் போனார்கள். அதன்பின் சில காலம் பாதையே மூடிக் கிடந்தது.

சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தவர்கள் கடைசியில் அந்தப் படிகளில் கால் வைக்கும்போதுதான் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் புரியும்.

தண்ணீருக்கு வழி

கட்டியவர்கள் தைரோனா மக்கள். கி.பி. 800 வாக்கில் இங்கே குடியேறினார்கள் என்பது பரவலான கணிப்பு. மலைச் சரிவை வெட்டி, கல்லடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி வட்ட மேடைகள் அமைத்தார்கள். மொத்தம் 169 மேடைகள் என்கிறது கணக்கு. மேடை மேல் மரமும் ஓலையும் கொண்ட வட்ட வீடுகள். அவை மக்கிப் போயின, கல் நின்றது.

நின்றதற்குக் காரணம் வடிகால். சரிவில் கொட்டும் மழைநீர் ஓரிடத்தில் தேங்கினாலும் சுவர் பிதுங்கிச் சரியும். அதனால் பாதை, படி, கால்வாய், சுவர் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் இணைத்து, நீரை மேடைக்கு மேடை இறக்கி ஆற்றில் சேர்த்தார்கள்.

1525-ல் ஸ்பானியர்கள் கடற்கரையில் சாண்டா மார்ட்டா நகரை நிறுவினார்கள். போரும் தொற்றுநோயும் சேர்ந்து தைரோனாக்களைக் கரைத்தன. 1599-ல் எழுந்த பெருங்கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. தப்பியவர்கள் மலையின் உட்புறம் ஒதுங்கினார்கள். வெள்ளைப் பருத்தி உடையில் இன்றும் வழியில் எதிர்ப்படும் கோகி மக்கள் தைரோனாக்களின் வழிவந்தவர்கள். தெயூனா என்பது அவர்கள் இந்த நகரத்துக்கு வைத்திருக்கும் பெயர். இது இருப்பது எங்களுக்கு எப்போதும் தெரியும் என்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர்களின் சடங்குகளுக்காகப் பாதை மூடப்படுகிறது.

குடியிருப்போர் இல்லாமல், பராமரிப்பார் இல்லாமல், சுமார் 400 ஆண்டு மழையைத் தாங்கி நின்றவை இந்த மேடைகள். தங்கத்துக்காகத் தரையைக் குடைந்தவர்களுக்கு அவற்றைக் குலைக்கச் சில ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. குழி விழுந்த இடத்தில் நீர் தேங்கும். தேங்கினால் சுவர் சாயும். அதனால் 1976 முதல் வந்த தொல்லியலாளர்களுக்குத் தோண்டுவதோடு வேலை முடியவில்லை. கல்லைத் திரும்ப அடுக்கி, தண்ணீருக்குப் பழைய வழியைத் திறந்துவிடவும் வேண்டியிருந்தது.