குரலுக்கு வந்த விடுதலை



பழந்தமிழ் நாட்டில் ஒரு நூல் அரங்கேறிற்று என்றால், அவையோர் கேட்க அது வாய்விட்டுப் படிக்கப்பெற்றது என்பதே பொருள். ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. படிக்க வல்லார் ஒருவர் படிக்க, ஏனையோர் கேட்டு இன்புற்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுட்களை வாயாற் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தியை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். பின்னர் அச்சு பெருகிற்று. கண்ணாற் படிக்கும் வழக்கம் மேலோங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் வானொலியும் பேசும் படமும் வந்தன. சென்னையில் மாநகராட்சி ஒலிபரப்பு 1930-இலும், அகில இந்திய வானொலி நிலையம் 1938-இலும் தொடங்கின. மறைந்துபோகும் குரல் பதிவு செய்து விற்கும் பொருளாயிற்று. அச்சிடும் உரிமை ஒருவரிடமும், ஒலிக்கும் உரிமை வேறொருவரிடமும் இருக்கக்கூடிய காலம் பிறந்தது.

பாரதியாரின் பாடல்களுக்கு நேர்ந்தது இதுவே. அவர் 1921-இல் மறைந்தார். பிற்காலத்தில் அவர் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் ஒலிக்கச் செய்யும் உரிமை கைமாறி, ஏ. வி. மெய்யப்பனாரிடம் வந்து சேர்ந்தது. அவர் எடுத்த ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. மறு ஆண்டில் அவருடைய ஏவி.எம். படநிலையம் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது.

அந்த 1948-ஆம் ஆண்டிலேதான் சிக்கலும் எழுந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதை ஒட்டி உரிமை வழக்கு மூண்டது. விடுதலைக்குப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட, விடுதலை பெற்ற நாட்டில் ஒருவரிடம் இசைவு கேட்க வேண்டுமா? வ. ரா., டி. கே. சண்முகம் முதலியோர் இக்கேள்வியை நாட்டின் முன் வைத்தனர். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த அரசு பாரதியின் நூல்களை ஏற்க முன்வந்தது. மெய்யப்பனார் தம்மிடமிருந்த உரிமையை ஈடு எதுவும் பெறாமல் அளித்தார். பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின.

இவ்வழியில் வந்த எழுத்தாளர் பலர். கல்கியின் நூல்கள் 1999-இலும், புதுமைப்பித்தனின் நூல்கள் 2002-இலும் நாட்டுடைமையாயின. அன்றியும், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு நிறைந்தால் பதிப்புரிமை நீங்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். 1944-இல் மறைந்த கு. ப. ராஜகோபாலனின் கதைகளை இன்று எவரும் அவையில் முழுமையாகப் படிக்கலாம்.

உரிமை வந்துவிட்டது, படிக்கும் குரல் வந்ததா? வாயடைத்த உரிமையால் பயன் யாது?

கோடம்பாக்கத்தில் கல்லூரி மாணவர் சிலருக்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை நான் படித்துக் காட்டியதுண்டு. கதையின் தொடக்கத்தில் பிள்ளையவர்கள் டிராம் வண்டியையும் அணாக் கணக்கையும் எண்ணிக்கொண்டு நிற்கிறார். சென்னையில் டிராம் 1953-இல் நின்றது. அணா 1957-இல் புதுக்காசுக்கு இடம் தந்தது. இவ்விரண்டையும் முன்னதாகவே சொல்லிவிட்டேன். கதையில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நடுவில் நிறுத்தி விளக்கவுமில்லை. தாளில் பார்த்தபோது கடினம் என்று ஒதுக்கியவர்கள், கேட்டபோது உரிய இடத்தில் சிரித்தார்கள். பேச்சின் ஏற்ற இறக்கத்தை நம்பி எழுதப்பட்ட நடை அது. குரல் பட்டதும் விளங்கிற்று.

இதிலிருந்து நான் கண்ட முறை எளியது. வழக்கொழிந்த பொருள்களை முதலிலேயே விளக்கிவிடுக. செய்யுளாயின், ஒருமுறை சந்தி பிரித்துப் பொருள் தோன்றப் படித்து, மறுமுறை சீர் பிறழாமல் ஓசையோடு படிக்க. பழஞ்சொல்லை நீக்கிப் புதுச்சொல்லை இடாதீர்கள். கேட்பவர் அதைத் தாமே பிடித்துக்கொள்வார். நாடக மேடைக் குரல் வேண்டா; தெளிவும் நிதானமும் போதும்.

கோடம்பாக்கம் எத்தனையோ நடிகர்களுக்குப் பிறர் குரலை இரவல் தந்த ஊர். அச்சில் உறங்கும் ஆசிரியர்களுக்கு இரவல் குரல் தர ஒவ்வொரு மாணவராலும் முடியும். இன்றிரவு உங்கள் வீட்டில் தாத்தாவையோ தங்கையையோ அருகில் அமர்த்தி, ஒரு கதையை வாய்விட்டுப் படியுங்கள். 1949-இல் பெரியோர் பெற்றுத் தந்த உரிமை அப்போதுதான் உங்களுடையதாகும்.