கட்டுக்கரையும் மலேரியாவும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்துக்குத் தென்கிழக்கே பரந்து கிடப்பது கட்டுக்கரைக்குளம். அருவியாற்று நீரைத் தேக்கம் என்னும் அணையில் மறித்து, வாய்க்கால் வழியாக இக்குளத்திற் சேர்ப்பர். பண்டை மன்னர் அமைத்துப் பின்னர் தூர்ந்துபோன இதனை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசினர் திருத்தினர். மன்னார் வயல்களுக்கு உயிர் தருவது இந்நீரே. ஆயினும், உலர்வலயத்தில் நீரை நாடிக் குடியேறிய உழவரை ஒரு நோயும் விடாது தொடர்ந்தது. அதுவே மலேரியா.

இந்நோயை நுளம்பே காவுகின்றது என்னும் உண்மைக்கு வழிகோலியவர் ரொனால்ட் ரொஸ். 1897ஆம் ஆண்டு சிக்கந்தராபாத்தில், நுளம்பின் வயிற்றிலே அதன் ஒட்டுண்ணியை அவர் கண்டார். இலங்கையில் இதனைப் பெரிதும் பரப்பிவந்தது அனோபிலிசு கூலிசிபேசீசு என்னும் இனமாகும். அது கால்நடைகளின் குருதியையே மிகவும் விரும்புவது. எனினும் மனிதரையும் கடிப்பது. மழை குன்றி ஆறு வற்றுங்கால், மணற்படுக்கையில் எஞ்சும் தெளிந்த நீர்க்குட்டைகளே அதன் பிறப்பிடம். ஆகவே, நோய்க்குக் குளத்தை மட்டும் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது.

நோயை ஒழிக்குமுன் அதனை அளந்தறிதல் வேண்டும். 1911ஆம் ஆண்டு குருநாகலில் மலேரியாத் தடுப்புப் பணி தொடங்கியது. சிறுவரின் மண்ணீரல் வீங்கியுள்ளதா எனத் தடவிப் பார்த்து, ஓர் ஊரில் நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். 1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வறட்சியால் ஆறுகள் வற்றிய தென்மேற்குப் பகுதிகளே அப்போது பேரழிவுற்றன. உலர்வலய மக்களோ, இடைவிடாத தொற்றினால் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். அவ்வாற்றலுக்கு அவர்கள் கொடுத்த விலை குழந்தைகளின் உயிர்.

1946ஆம் ஆண்டில் ஏறத்தாழ 28 இலட்சம் பேரை நோய் பீடித்தது. அக்காலத்திலேயே வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ரீ. மருந்தைத் தெளிக்கும் பணி நாடெங்கும் பரவியது. 1963ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கைகூடியது என்ற எண்ணத்தில் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969ஆம் ஆண்டில் நோயாளர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். நுளம்பும் டீ.டீ.ரீ. மருந்துக்கு ஈடுகொடுக்கப் பழகிவிட்டது. பிற்காலப் போரினாற் பெரிதும் இடருற்ற வடக்கிலும் கிழக்கிலும் நோய் மீண்டும் மலிந்தது.

ஆயினும், குருதிச் சோதனைப் பணி போர்க்காலத்திலும் முற்றாகக் கைவிடப்படவில்லை. காய்ச்சலோடு வருவோரின் குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, நுணுக்குக்காட்டியால் நோக்கி, முடிவைப் பதிவேட்டில் எழுதுவது எளிய செயலே. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதனைச் செய்தல் அரிது. உள்ளூரில் தொற்றிய இறுதி நோயாளர் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பதிவாயினார். 2016 செப்தெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

அச்சான்று கிடைத்து மூன்று திங்கள் கழிந்த அளவில், மன்னார்த் தீவிலே அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது இது. ஆற்றுக் குட்டையை இது எதிர்பார்ப்பதில்லை. கிணறும் நீர்த்தொட்டியும் இதற்குப் போதும். வீட்டு முற்றத்துக் கிணறே இதற்கு நாற்றங்கால் ஆகக்கூடுமெனின், காவலும் முற்றத்திலேயே தொடங்குதல் வேண்டும். நோயாளர் எவரும் இல்லாத ஊரில் இந்நுளம்பைக் கண்டறிய உதவியது, குடம்பிகளைத் தேடித் திரிந்த பூச்சியியற் பணியாளரின் ஓயாத உழைப்பேயாகும்.

1963ஆம் ஆண்டுக்கும் 2016ஆம் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னையதில் தொகை குறைந்ததும் விழிப்பும் குறைந்தது. பின்னையதில் தொகை அற்றபின்னரும் விழிப்பு நீடித்தது. பகைவன் கண்ணுக்குத் தெரியாத காலத்திற் காவலைக் கலைப்பது அரசியலறிவன்று என்பர். நோய்க்கும் அந்நீதி பொருந்தும். கட்டுக்கரையின் அணையை ஆண்டுதோறும் காப்பதுபோல், இப்பதிவேட்டையும் ஆண்டுதோறும் காத்தல் கடன்.