பகுதிநேரம் என்று பெயரிடப்பட்ட உழைப்பு



ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் பரமக்குடியில் அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே இயக்கப் பணி செய்வதா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வருவதா? மேடையில் இதற்கு இம்மானுவேல் சேகரனாரின் வாழ்க்கையையே பதிலாகக் காட்டுவது நம் வழக்கம். 1924-இல் செல்லூரில் பிறந்தவர். 1945-இல் ராணுவத்தில் சேர்ந்து அவில்தார் ஆனவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு முதுகுளத்தூர் வட்டாரத்துக்குத் திரும்பினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயது நிறையவில்லை.

அந்தத் தியாகத்தைச் சொல்லும்போது, ஆசிரியையாக இருந்த அவருடைய துணைவியார் அமிர்தம் கிரேஸ் அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் முழுநேரமாக வெளியே போனால் வீட்டின் முழுநேரத்தை இன்னொருவர் சுமக்கிறார். இயக்க வரலாறுகள் இந்த இரண்டாவது ஆளின் கணக்கை எழுதுவதே இல்லை.

ஆனால் இன்று நாம் பேச வந்தது அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கும் இன்னொரு கேள்வி. தன் நேரத்தை முழுதாகக் கொடுப்பதா பாதியாகக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை இந்த மாவட்டத்தில் யாருக்கு இருந்தது?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. அவை மீறப்பட்டபோது ஆட்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அந்த ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பின்னாளில் சாதி பற்றிய தன் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். மேலாடை, நகை, குடை, மேளம் பற்றிய தடைகளை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். நேரம் பற்றிய தடையை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆண்களும் பெண்களும் மிராசுதாரர்களிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் வைத்துப் பயிரிடக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்கத்தான் வேண்டும்.

பதினொரு மணி நேரம் என்று கடிகாரம் வைத்து எழுதியிருக்கிறார்கள். குத்தகையும் படிப்பும் தடுக்கப்பட்டது ஏன் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். இரண்டும் ஒருவர் தன் நேரத்தைத் தனக்காகச் செலவிடும் வழிகள். அந்த வழிகளை அடைத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே வேலை அவர்களுடைய வேலைதான். முழுநேரம் என்ற சொல் நம் ஊர்களுக்கு வந்த விதம் இது.

பகுதிநேரம் என்ற சொல் அரசாங்கத்தின் வழியாக வந்தது. வெட்டியான், தலையாரி, நீர்கண்டி ஆகியோர் வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இருந்தவர்கள். வெட்டியான் ஊருக்குத் தமுக்கடிக்க வேண்டும், வரி வசூலுக்கு ஆளைக் கூப்பிட்டு வர வேண்டும், முகாம் வரும் அதிகாரியின் மூட்டையைத் தூக்க வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடவும் குழி வெட்டவும் அவரே போக வேண்டும். ராமநாதபுரம் கண்மாய்களின் நாடு. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் சொல்கிறோம். மடைக்கு மடை தண்ணீர் திறந்து அடைத்த நீர்பாய்ச்சிகளுக்கு மழைக்காலத்தில் ராத்திரி ஏது, பகல் ஏது? இவர்களுக்குக் களத்தில் அளக்கப்பட்ட நெற்பங்குக்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் ஒரு பெயர் உண்டு: ‘சுதந்திரம்’. அந்தச் சொல்லுக்கு நாம் இன்று கொடுக்கும் பொருளோடு வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

1895-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் கிராமப் பதவிகளைத் தந்தைக்குப் பின் மகன் என்று கட்டி வைத்தது. முன்சீப்பு, கணக்குப்பிள்ளை குடும்பங்களுக்கு அது சொத்து, அடிமட்ட ஊழியர்களுக்குத் தளை. மராட்டியப் பகுதியில் மகர் வதன் என்ற பெயரில் இதே முறை இருந்தது. 1928-இல் பம்பாய் சட்ட மேலவையில் அண்ணல் அம்பேத்கர் அதைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருடைய வாதத்தில் முக்கியமானது இதுதான்: பதவி ஒருவர் பெயரில் இருக்கிறது, ஆனால் வேலைக்கு அவருடைய குடும்பமே பிணை. அவர் இல்லையென்றால் வீட்டில் யார் இருக்கிறாரோ அவரை இழுத்துப் போகலாம். இந்த வேலைக்கு நேர வரையறையே கிடையாது. மகர் வதன் முற்றாக ஒழிய 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கம் 1960-இல் உச்ச நீதிமன்றம், ஆந்திராவில் இருந்து வந்த ஒரு வழக்கில், கிராமப் பதவியில் பரம்பரை உரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொன்னது. 1968-இல் பழைய சட்டங்கள் ரத்தாயின. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கிராம முன்சீப்பு, கணக்குப்பிள்ளை பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. அது 1981-இல் சட்டமானது. அதன் தலைப்பிலேயே ‘பகுதிநேரக் கிராம அலுவலர்’ என்று இருக்கிறது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அந்த இடத்துக்கு முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தேர்வு எழுதி நம் பிள்ளைகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அது பெரிய மாற்றம், அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் வரையறையைப் படியுங்கள். பகுதிநேரக் கிராம அலுவலர் என்பதில் கிராமக் காவலர், கிராமப் பணியாளர், பாசனக் காவலர் அடங்க மாட்டார்கள் என்று அங்கே இருக்கிறது. தலையாரி, வெட்டியான், நீர்கண்டி ஆகியோருக்குச் சூட்டப்பட்ட புதுப் பெயர்கள்தான் இவை. மேல்படியில் பகுதிநேரம் என்பது நிலவுடைமைக் காலத்தின் எச்சம் என்று கண்டுகொண்ட அரசு, கீழ்ப்படியில் அதை அப்படியே விட்டுவைத்தது. முன்சீப்பின் மிச்ச நேரம் அவருடைய வயலுக்கும் வட்டிக்கடைக்கும் உரியது. வெட்டியானின் மிச்ச நேரம் ஊருக்கு உரியது. இரண்டையும் பகுதிநேரம் என்ற ஒரே சொல்லால் குறித்ததுதான் இதில் உள்ள சூது.

கிராம உதவியாளர் என்ற பெயரில் இவர்கள் முழுநேரப் பணியாளர்களாகி, காலமுறை ஊதியம் பெற்றது 1995 ஜூன் 1 முதல். மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள். அதற்குப் பிறகும் முடியவில்லை. 1995-க்கு முந்தைய ஆண்டுகளை ஓய்வூதியத்துக்கு எப்படிக் கணக்கிடுவது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குமேல் வழக்கு நடந்தது. பகுதிநேரம் என்று தாளில் எழுதியிருந்ததால், வாழ்ந்த வருடங்களும் பகுதியாயின.

இன்று அந்தச் சொல் வேறு அலுவலகங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 2012-இல் அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பள்ளிக் கழிப்பறை கழுவுபவரும் பகுதிநேரம். மீதி அரை நாளில் வேறு வேலை கிடைக்கும் என்பது பட்டணத்துக் கணக்கு. திருவாடானையிலும் கடலாடியிலும் அந்த அரை நாளுக்குக் கருவேலம் வெட்டத்தான் போக வேண்டும். இப்படியிருக்க, பகுதிநேர வேலையை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று எழுதும் ஆய்வுகளை நாம் நம்புவதற்கில்லை.

விரும்பித் தேர்ந்தெடுத்த பகுதிநேரமும் இந்தக் கரையில் இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு வனத்துறையின் நெருக்கடி தொடங்கியது. அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதம் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நேரத்தை அளந்தவர்களும் அதில் வேலை செய்பவர்களும் ஒரே ஆட்களாக இருப்பதால்தான் இதை மற்றப் பகுதிநேரங்களோடு சேர்க்க முடியாது என்கிறோம்.

கேள்வி கேட்ட இளைஞர்களுக்கு வருவோம். வேலையை விடாமல் மாலையில் மட்டும் வரும் தோழரை அரைத் தோழர் என்று பேசும் வழக்கம் இயக்கங்களில் உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குபவரின் பின்னால் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனும் நிற்கின்றன. அவர் தருவது அவருக்குச் சொந்தமான நேரம். அவருடைய தாத்தாவுக்கு அது இருக்கவில்லை. முழுநேரம் வருகிறேன் என்பவரிடமோ ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டு அடுப்பை யார் எரிக்கிறார், அவரிடம் கேட்டீர்களா?

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். 1995-க்கு முன் வெட்டியானாக, தலையாரியாக, நீர்கண்டியாக இருந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் யார் கூப்பிட்டார்கள், அவர்கள் போக முடியாத நாளில் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.