ரெக்கார்டிங் நிறுத்தியாச்சா?

எங்கள் நிரலாளர் குழுவில் பெயருக்கு நாற்பது பேர் உண்டு. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உள்ளே வருகிறவர்கள் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. பைத்தான், கிட், லினக்ஸ் என்று யாராவது ஒருவர் பேசுவார், தமிழில்தான். ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதும் வீடியோவை ஏற்றுவதும் என் வேலை. பேச்சு முடிந்ததும் "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். மயான அமைதி. நன்றி சொல்லி ரெக்கார்டிங்கை நிறுத்துவேன். உடனே எங்கிருந்தோ ஒரு மைக் திறக்கும்.

"அண்ணா, ரெக்கார்டிங் நிறுத்தியாச்சா? ஒரு சின்ன டவுட்டு..."

அந்தச் சின்ன டவுட்டுதான் பல நாட்களில் அன்றைய கூட்டத்தின் சிறந்த பகுதி. எங்கள் வீடியோ எதிலும் அது கிடையாது.

பட்டன் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மனிதர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். இது தெரியாமல்தான் நான் வருஷக்கணக்கில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டன் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த கதை கொஞ்சம் பழையது.

1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் ஐ.ஆர்.சி.யை எழுதினார். எழுத்து மட்டுமே ஓடும் அரட்டை அறை. ஒரு செய்திக்கு உச்சவரம்பு 512 பைட். (யு.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும். ஆக, நமக்கு 170 கூடத் தேறாது. அன்றைக்கு யாரும் நம்மை நினைத்து எழுதவில்லை, விடுங்கள்.) சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதுதான் அதன் விசேஷம். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு இல்லவே இல்லை. பதிவு வேண்டுமென்றால் அவரவர் கணினியில் அவரவர் லாக் வைத்துக்கொள்ள வேண்டும். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் கொர்பச்சேவுக்கு எதிராக ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்த நாட்களின் ஐ.ஆர்.சி. உரையாடலை இன்றும் படிக்க முடிகிறது. யாரோ சிலர் லாகை ஓடவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம்.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் குழுக்கள் இந்த அறைகளில்தான் கூட்டம் நடத்தின. கூட்டம் முடிந்தபின் மினிட்ஸ் எழுதுவது யார்? எல்லா ஊர்ச் சங்கத்திலும் இருக்கிற பிரச்சினைதான். ஒருமுறை ஒழுங்காக எழுதித் தொலைத்தவர் தலையில் அந்த வேலை நிரந்தரமாக விழும். உபுண்டுக்காரர்கள் இதற்காக மூட்பாட் என்று ஒரு நிரல் வைத்திருந்தார்கள். டெபியனில் அது மீட்பாட் ஆனது. பிறகு 2009 வாக்கில் ரிச்சர்ட் டார்ஸ்ட், சூப்பிபாட் என்ற பைத்தான் பாட்டின் மேல் மீட்பாட்டைப் புதிதாக எழுதினார். ஹாஷ் போட்டு 'ஸ்டார்ட்மீட்டிங்' என்று தட்டினால் பதிவு தொடங்கும். 'ஆக்‌ஷன்' என்றால் இந்த வேலை இன்னார் பொறுப்பு. 'அக்ரீட்' என்றால் முடிவாகிவிட்டது. 'எண்ட்மீட்டிங்' தட்டியதும் மினிட்ஸ் தயாராக வந்து விழும். 'அக்ரீட்' சொல்லும் உரிமை கூட்டத் தலைவருக்கு மட்டும். 'ஐடியா' என்று ஒரு வரியைக் குறித்து வைக்க யாரும் தலைவராக இருக்க வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது சூப்பிபாட்டிலேயே லாக் எழுதும் பகுதியில் இருந்த ஒரு சின்ன மரியாதை. வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 'நோலாக்' என்று தட்டிவிட்டுப் பேசினால், அந்த வரியை பாட் சேமிக்காது. அறையில் இருப்பவர்கள் படிக்கலாம், தன் கணினியில் சேமித்தும் வைக்கலாம். ஆனால் பாட் எழுதும் பொது லாகில் வராது. அதாவது பதிவை நிறுத்தும் பட்டன் பேசுகிறவர் கையிலேயே இருந்தது. அதுவும் ஒரே ஒரு வரிக்கு.

குரல் வந்தபோது இது சாத்தியமில்லாமல் போனது. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் ஐ.இ.டி.எஃப். கூட்டம் நடந்தது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கிற பொறியாளர்கள் கூடும் இடம். அங்கிருந்து ஸ்டீவ் கேஸ்னரும் ஸ்டீவ் டீரிங்கும் மற்றவர்களுடன் சேர்ந்து கூட்டத்தின் ஒலியை இணையம் வழியே மூன்று கண்டங்களில் இருந்த 20 இடங்களுக்கு அனுப்பினார்கள். 16 நேர மண்டலங்கள். ஆளுக்கொரு நகல் அனுப்பாமல், ஒரே நகலை அனுப்பி வழியில் பிரித்துக்கொள்ளும் மல்ட்டிகாஸ்ட் முறை. யாரோ ஒருவர் நடுராத்திரியில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் நடக்கும் வாதத்தைக் கேட்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆனால் எழுத்தில் புனைபெயர் இருந்தது. எண்டர் தட்டும் முன் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. குரலில் வயது, ஊர், திக்கல், இங்கிலீஷ் மீடியமா தமிழ் மீடியமா என்பதெல்லாம் சேர்ந்தே வரும்.

2020இல் எல்லோரையும் போல நாங்களும் வீடியோவுக்கு வந்தோம். முதலில் ஜிட்சி. அதில் பதிவு செய்வது ஜிப்ரி என்ற துணை நிரல். அது செய்கிற வேலை வேடிக்கையானது. ஒரு குரோம் உலாவியைத் திரையில்லாத கணினியில் திறந்து, கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாகக் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்து, பார்ப்பதை எல்லாம் எஃப்.எஃப்.எம்பெக் வழியாகப் படம் பிடிக்கும். பன்னிரண்டு பேர் கூட்டத்தில் பதின்மூன்றாவது ஆள்.

பிறகு பிக்புளூபட்டன். 2007இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்தத் தொடங்கிய மென்பொருள். அதன் கையேட்டைப் படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பதிவு அனுமதியோடு கூட்டத்தை உருவாக்கினால், பட்டனை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் சர்வர் முழுவதையும் சேமிக்கிறது. பட்டன் வெறும் அடையாளக் கோடு. எந்தப் பகுதியை வெளியிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். ஒருமுறைகூட அழுத்தாத கூட்டத்தின் மூலக்கோப்புகூட, மாற்றாமல் விட்டால், 14 நாள் சர்வரில் கிடக்கும். பின்னால் வந்த பதிப்புகளில் இதை மாற்றும் அமைப்பு சேர்ந்தது. முழுதாக எடுத்துவைத்துப் பிறகு வெட்டுவது சுலபம் என்று எனக்குள் இருக்கிற பொறியாளனுக்குப் புரிகிறது. ஆனால் "நிறுத்தியாச்சா அண்ணா?" என்ற கேள்விக்கு அத்தனை நாள் நான் சொன்ன "ஆச்சும்மா" பொய்.

அதைவிட மோசமானது ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. முதலாமாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, ரெக்கார்டிங் ஓடும்போதே தைரியமாகக் கேட்டாள்: "டெர்மினல்னா என்ன? அது இல்லாம முடியாதா?" நல்ல கேள்வி. பேசியவர் பத்து நிமிடம் விளக்கினார். மறுநாள் அவள், "அந்த இடத்தை மட்டும் வெட்டிடுவீங்களா அண்ணா" என்று செய்தி அனுப்பினாள். "ஒண்ணும் ஆகாதும்மா, நாலு பேருக்குப் பயன்படும்" என்று பதில் போட்டு அப்படியே ஏற்றிவிட்டேன். அவள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் யாரோ அந்தப் பன்னிரண்டு வினாடியை மட்டும் வெட்டிப் போட்டு, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகத் தட்டியிருக்கிறார்கள். அவள் அப்புறம் வரவில்லை. வீடியோவை எடுத்துவிட்டேன். அவளுக்கு எழுதிய மன்னிப்புக்குப் பதில் இல்லை.

பதிவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துபாயில் சனிக்கிழமையும் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் எங்கள் வீடியோக்களைப் பார்த்துத்தான் பைத்தான் கற்றார். நேரலைக்கு அவரால் ஒருநாளும் வரமுடிந்ததில்லை.

இப்போது கூட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். பேச்சு ஓர் அறையில், பதிவோடு. கேள்விகளுக்குப் பதிவு அனுமதியே இல்லாமல் உருவாக்கிய இன்னொரு அறை. அங்கே ஒருவர் கேள்வியையும் பதிலையும் மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தட்டுகிறார், கேட்டவர் பெயர் இல்லாமல். யாராவது "இது வேணாம்" என்றால் அந்த வரி அழிக்கப்படும். மினிட்ஸ் எழுதுவது யார் என்ற பழைய தகராறு திரும்ப வந்துவிட்டது. சுழற்சி முறையில் ஓட்டுகிறோம், பாதிப் பேர் டிமிக்கி கொடுக்கிறார்கள். போன சனிக்கிழமை என் முறை. கடைசியாக நான் தட்டிய கேள்வி: "கிட்ல ரீபேஸ் பண்ணினா பழைய கமிட் எல்லாம் எங்க போகும்?" பதில்: எங்கேயும் போகாது, ரீஃப்லாகில் இருக்கும். எதுவும் மாற்றாமல் விட்டால் 30 நாள்.