வடகடலின் ஹைட்ரஜன் குழாய்: காலிக் கொள்ளளவின் சுமை யாருக்கு?

வடகடலில் கரைக்கு வெகு தொலைவில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கொண்டு கடலிலேயே நீரைப் பகுத்து, கிடைக்கும் பசுமை ஹைட்ரஜனைக் குழாய்வழியே கரைசேர்ப்பது ஜெர்மனியின் அக்வாவென்டஸ் முயற்சியின் நோக்கம். 2035க்குள் 10 கிகாவாட் மின்னாற்பகுப்புத் திறன் என்பது அது வகுத்துக்கொண்ட இலக்கு. அதன் முதுகெலும்பாக அக்வாடக்டஸ் என்னும் கடலடிக் குழாய் திட்டமிடப்பட்டது. இத்தகைய குழாய்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தொழில்நுட்பத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் பாதிகூட நிரம்பாத குழாயின் செலவை யார் ஏற்பது என்பதே தீர்க்கப்படாத சிக்கல். அதை அரசு ஏற்பது நியாயம். வாங்குவோர் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்ட பிறகே ஏற்க வேண்டும்.

முதல் காற்றாலைத் தொகுதிக்குப் போதுமான சிறு குழாயை இட்டு, பின்னர் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். குழாயின் இயற்பியல் அதற்கு இடம் தரவில்லை. ஒரே அழுத்தத்தில் விட்டத்தை இரட்டித்தால் உருக்கு ஏறக்குறைய 4 மடங்காகிறது. கொண்டுசெல்லும் அளவோ 5 மடங்கைத் தாண்டுகிறது. குழாய் பதிக்கும் கப்பலின் செலவு அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. பெரிய குழாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறு உருக்கின் பரப்பில் அணுக்களாகப் பிரிந்து உள்ளே ஊடுருவுகிறது. பற்றவைப்பை ஒட்டிய கடினமான பகுதியில் நுண்விரிசல் இருந்தால், அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது சிறிது நீள்கிறது. காற்று கூடிக் குறைவதால் உற்பத்தியும் அழுத்தமும் அலைபாயும். கனஅளவு மிகுந்த குழாயில் அந்த அலைவு தணிகிறது.

மின்சாரத்தைக் கேபிள் வழியே கொண்டுவந்து கரையில் பகுத்தால் போதாதா என்பது வலுவான மறுப்பு. மின்னாற்பகுப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆற்றல் இழக்கப்படுவதால், மின்சாரமாகவே பயன்படப்போகும் ஆற்றலுக்குக் கேபிளே சரி. ஆனால் உருக்கு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் வேண்டியது ஹைட்ரஜன். அந்த இழப்பு கரையிலும் நேரும். கடல்மேடையில் உப்புநீக்கமும் பராமரிப்பும் செலவு மிக்கவை என்பது மெய். எனினும் உயர்மின்னழுத்த நேர்மின் இணைப்பு ஒன்று சுமப்பது சுமார் 2 கிகாவாட். தொலைவும் அளவும் கூடக்கூடத் தராசு குழாயின் பக்கம் சாய்கிறது. பழைய எரிவாயுக் குழாய்களை மாற்றியமைப்பது மலிவுதான். ஆனால் அவை எரிவாயு வயல்களை நோக்கிப் போனவை, பல இன்னும் பணியில் இருப்பவை. தடம் பொருந்தும் இடத்தில் மட்டுமே அவை உதவும்.

எல்லாவற்றினும் கனமான மறுப்பு, தேவை வராமலே போகலாம் என்பது. நார்வேயிலிருந்து ஜெர்மனிக்கு, எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைக் கொண்டுசெல்லவிருந்த குழாய்த் திட்டத்தை ஈக்வினார் என்னும் எரிசக்தி நிறுவனம் 2024 செப்டம்பரில் கைவிட்டது. செலவு மிகுதியும் உறுதியான வாடிக்கையாளர் இன்மையும் காரணங்கள். இதிலிருந்து குழாயே வேண்டாம் என்று முடிவுகட்டுவது பிழை. ஜெர்மனி 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்த 9,040 கிலோமீட்டர் ஹைட்ரஜன் மைய வலையமைப்புக்கு, தொடக்கக் காலக் கட்டணப் பற்றாக்குறையை 2055 வரை கணக்கில் வைத்து ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு. இறுதியில் துண்டு விழுந்தால் பெரும்பங்கை அரசும் எஞ்சியதை வலையமைப்பு நிறுவனங்களும் ஏற்கும். அதையே கடலுக்கும் நீட்டலாம். ஆனால் விலை வேறுபாட்டை ஈடுசெய்யும் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்கள் முதல் கட்டக் கொள்ளளவுக்கேனும் கையெழுத்தாகியிருக்க வேண்டும். வாங்குவோர் இன்றிக் குழாய் இட்டால் வரிப்பணம் கடலடியில் முடங்கும். முழுக் கொள்ளளவும் விற்றுத் தீரட்டும் என்று காத்திருந்தாலோ குழாய் ஒருநாளும் பதிக்கப்படாது.